தண்டுவடக் காயமும் அதன் மட்டமும்



திருப்பூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்றவன் நான். வரலாறு என்றால் அரசர்களின் போர்களும் ஆட்சி ஆண்டுகளும்தாம் என்று உங்களுள் பலர் எண்ணக்கூடும். மனிதன் தன் உடம்பைப் பற்றி அறிந்துகொண்ட கதையும் வரலாறே. அக்கதையில் ஒரு சிறு பகுதியை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன். அதனைக் கற்க நேர்ந்தது என் பிழை ஒன்றினால். ஆகையால் அப்பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து வந்தான். லாரியின் மேல் ஏறித் துணி உருளைகளை இறக்கிக் கொண்டிருந்தபோது கால் வழுக்கித் தலைகீழாக விழுந்தான். உடனிருந்தோர் பதறிப்போய்க் கைகளை இருவர், கால்களை இருவர் எனப் பிடித்துத் தூக்கிச் சரக்கு வண்டியில் கிடத்திக் கொண்டு சென்றனர். நான் மருத்துவமனைக்குச் சென்று பார்த்தபோது அவன் அறிவு தெளிவாக இருந்தது. பேசினான். முழங்கையை மடக்கினான், மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்தினான். மடக்கிய கையை நீட்ட அவனால் இயலவில்லை. விரல்கள் அசையவில்லை. மார்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

அவன் தந்தை என்னைத் தனியே அழைத்து, "ஐயா, இருக்கிற ஒண்ணரை ஏக்கராவை வித்துப் பார்க்கலாமுங்களா? இல்லை, வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிரலாமுங்களா?" என்று கேட்டார். ஊரில் படித்தவன் என்று என்னைக் கேட்டார். "இனிச் செலவு செய்து பயனில்லை, மற்றப் பிள்ளைகளைப் பாருங்கள்" என்று நான் சொன்னேன். நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன். ஆயினும் அது அறியாமையால் சொன்ன சொல். கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய தாளில் 'சி 6, பி' என்று எழுதியிருந்தது. அதனை நான் பார்த்தேன். அதன் பொருளைக் கேட்கவில்லை.

அந்தக் குறியின் பொருள் யாது? அது தோன்றிய வரலாறு யாது? அவற்றையே இனிக் காண்போம்.

நம் முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகளால் ஆனது. அவ்வெலும்புகளின் நடுவே செல்லும் குழாய் போன்ற வழியில், மூளையிலிருந்து இறங்கி வருவது தண்டுவடம். வளர்ந்த மனிதரிடம் அதன் நீளம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர்; பருமன் நம் சுண்டுவிரல் அளவே. அதிலிருந்து 31 இணை நரம்புகள் இருபுறமும் கிளைக்கின்றன. கழுத்துப் பகுதியில் 8, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5, அதற்குக் கீழே திரிகப் பகுதியில் 5, வால் பகுதியில் 1 என்பது கணக்கு. மருத்துவர்கள் இப்பகுதிகளை முறையே சி, டி, எல், எஸ் என்னும் எழுத்துகளால் குறிப்பர். வால் பகுதியைச் சோதனையில் சேர்ப்பதில்லை. எனவே 'சி 6' என்றால் கழுத்துப் பகுதியின் ஆறாம் நரம்பு என்பது பொருள்.

பெருஞ்சாலை ஓரமாகச் செல்லும் மின்கம்பி வழியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஊருக்கும் அதிலிருந்து ஓர் இணைப்புப் பிரிகிறது. நடுவில் ஓரிடத்தில் கம்பி அறுந்தால் அதற்கு முன்னுள்ள ஊர்களில் விளக்கு எரியும். அப்பாலுள்ள ஊர்கள் யாவும் இருளில் மூழ்கும். தண்டுவடமும் அத்தகையதே. காயம் எங்கே ஏற்பட்டதோ அதற்கு மேலுள்ளவை இயங்கும். கீழுள்ளவை மூளையின் ஆணையை இழக்கும். கழுத்தில் காயமுற்றால் கைகளும் கால்களும் பாதிக்கப்படும். மார்பிலோ இடுப்பிலோ காயமுற்றால் கைகள் தப்பும், கால்கள் செயலிழக்கும். கழுத்தின் 3, 4, 5 ஆம் நரம்புகள் மூச்சுக்குரிய உதரவிதானத்தை இயக்குவதால், அதற்கும் மேலே காயம் ஏற்பட்டால் மூச்சே நின்றுவிடும்.

இவ்வுண்மையை மனிதன் நெடுங்காலத்திற்கு முன்பே கண்டிருக்கிறான். எகிப்து நாட்டில் 1862 ஆம் ஆண்டு எட்வின் சுமித் என்னும் அமெரிக்கர் ஒரு பழைய பாப்பிரசுச் சுருளை விலைக்கு வாங்கினார். கி.மு. 1600 அளவில் படியெடுக்கப்பட்ட அச்சுருளில் 48 நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. அவர்களுள் ஒருவன் கழுத்தெலும்பு பிசகியவன். தன் கைகால்களை உணராதவன். சிறுநீர் தானே ஒழுகப்பெற்றவன். இது மருத்துவம் செய்வதற்குரிய நோயன்று என்று அம்மருத்துவர் எழுதி முடித்துவிட்டார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் கிரேக்க மருத்துவர் விலங்குகளின் தண்டுவடத்தை வெவ்வேறு இடங்களில் வெட்டி, எந்த இடத்தில் வெட்டினால் எந்த உறுப்பு ஓய்கிறது என ஆராய்ந்தார். மட்டம் என்னும் கருத்துக்கு அது வித்திட்டது. ஆயினும் மட்டத்தை அறிந்த மருத்துவர்களும் நோயாளியைக் காப்பாற்ற வழியறியாமலே இருந்தனர்.

அந்நிலை இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களிலோ சில ஆண்டுகளிலோ மாண்டனர். அவர்களைக் கொன்றது முதுகெலும்பின் முறிவு மட்டுமன்று. உணர்ச்சியற்ற உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்ததால் உண்டான படுக்கைப் புண்ணும், தேங்கிய சிறுநீரில் உண்டான நச்சுத் தொற்றும் அவர்களைக் கொன்றன. 1917 ஆம் ஆண்டு செருமனி நாட்டு மருத்துவமனை ஒன்றில் லுட்விக் குட்மன் என்னும் இளைஞர் உதவிப் பணி புரிந்து வந்தார். முதுகெலும்பு முறிந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் அங்கே கொண்டுவரப்பட்டார். குறிப்பெழுத முனைந்த குட்மனிடம், சில வாரங்களில் இறக்கப் போகிறவருக்குக் குறிப்பு எதற்கு என்று மருத்துவர் கூறினார். அவ்வாறே ஐந்து வாரங்களில் அத்தொழிலாளி இறந்தார். அக்காட்சி குட்மனின் நெஞ்சை விட்டு அகலவில்லை.

பின்னாளில் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவரான குட்மன், யூதர் என்பதால் 1939 ஆம் ஆண்டு செருமனியை விட்டு இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். 1944 பெப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரில் தண்டுவடக் காயத்திற்கென ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். அவர் கையாண்ட முறையில் மாயம் ஒன்றுமில்லை. இரவும் பகலும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தல், சிறுநீரைத் தூய முறையில் வெளியேற்றுதல், எஞ்சியுள்ள தசைகளுக்குப் பயிற்சி அளித்தல், கைத்தொழில் கற்பித்தல் ஆகியவையே அவர் முறை. அதனால் மாண்டு போவார்கள் எனக் கருதப்பட்டவர்கள் வாழ்ந்தார்கள், வேலைக்கும் சென்றார்கள். 1948 சூலை 29 ஆம் நாள், இலண்டனில் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கிய அன்றே, சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரைக் கொண்டு அவர் அம்பெய்தல் போட்டி நடத்தினார். அது வளர்ந்து 1960 ஆம் ஆண்டு உரோம் நகரில் 23 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 400 பேர் கலந்துகொண்ட விளையாட்டு விழாவாயிற்று. இன்றைய பாராலிம்பிக் போட்டிகளின் தொடக்கம் அதுவே.

நோயாளிகள் உயிர் வாழத் தொடங்கிய பின்னர்தான் மருத்துவர்களுக்கு ஒரு புதிய கேள்வி எழுந்தது. இன்று இவரிடம் உள்ள ஆற்றல் எவ்வளவு? ஆறு மாதத்திற்குப் பின் எவ்வளவு? இறந்து போகிறவனுக்கு அளவுகோல் வேண்டியதில்லை. வாழ்கிறவனுக்கே அது வேண்டும். ஸ்டோக் மாண்டவிலில் பணியாற்றிய பிராங்கல் என்பாரும் அவர் தோழர்களும் 1969 ஆம் ஆண்டு ஐந்து தரங்களை வகுத்து வெளியிட்டனர். அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கம் 1982 இல் சோதனைக்குரிய நெறிகளை வகுத்தது. 1992 முதல் அவை உலக நாடுகளுக்குப் பொதுவான நெறிகளாக வளர்ந்துள்ளன.

அச்சோதனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கவனித்துக் கேளுங்கள். கையில் ஐந்து, காலில் ஐந்து எனப் பக்கத்திற்குப் பத்துத் தசைச் செயல்களைப் பார்ப்பர். முழங்கையை மடக்குதல் சி 5 நரம்பின் வேலை. மணிக்கட்டை உயர்த்துதல் சி 6. முழங்கையை நீட்டுதல் சி 7. விரல்களை மடக்குதல் சி 8. சுண்டுவிரலை விலக்குதல் டி 1. காலில் தொடையை உயர்த்துதல் எல் 2. முழங்காலை நீட்டுதல் எல் 3. பாதத்தை உயர்த்துதல் எல் 4. பெருவிரலை உயர்த்துதல் எல் 5. பாதத்தைக் கீழே அழுத்துதல் எஸ் 1. ஒவ்வொன்றிற்கும் சுழியம் முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. அசைவே இல்லையெனில் சுழியம். உறுப்பின் எடையைத் தூக்கும் அளவுக்கு வலிமை இருந்தால் 3. முழு வலிமைக்கு 5. இரு பக்கமும் சேர்த்து மொத்தம் 100. பள்ளிக்கூடத் தேர்வைப் போலத்தான்! தசைச் சோதனையோடு, பஞ்சினாலும் ஊசி முனையாலும் தோலின் உணர்ச்சியையும் சோதிப்பர். கட்டைவிரல் சி 6 இன் ஆட்சிக்கு உட்பட்டது. கொப்பூழ் டி 10 இன் ஆட்சிக்கு உட்பட்டது.

உணர்ச்சி குறைவின்றியும், தசை குறைந்தது 3 மதிப்பெண் பெற்றும், அதற்கு மேலுள்ளவை யாவும் முழுமையாகவும் இருக்கும் கடைசி நரம்பு எதுவோ அதுவே மட்டம். இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள். எலும்பு முறிந்த இடம் வேறு. நரம்பின் மட்டம் வேறு. படத்தில் தெரிவது எலும்பின் முறிவு. மட்டமோ மனிதனைத் தொட்டுச் சோதித்து அறிவது. தண்டுவடம் இடுப்பின் முதலிரண்டு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுவதால், கீழே செல்லச் செல்ல இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு மிகும்.

இனித் தரம் என்பதைக் காண்போம். தண்டுவடத்தின் கடைசிப் பகுதிக்குரிய ஆசனவாய்ப் புறத்தில் உணர்ச்சியோ இயக்கமோ சிறிதும் இல்லையெனில் அது முழுக் காயம். அதற்கு ஏ தரம். உணர்ச்சி மட்டும் எஞ்சியிருந்தால் பி தரம். இயக்கமும் ஓரளவு எஞ்சியிருந்து, மட்டத்திற்குக் கீழுள்ள தசைகளில் பாதிக்கு மேல் 3 மதிப்பெண்ணை எட்டாவிட்டால் சி தரம். பாதியேனும் எட்டினால் டி தரம். முன்பு குறைவு இருந்து இப்போது யாவும் இயல்பானால் இ தரம். காயத்திற்கு அப்பால் ஒரு கம்பியிழையாவது அறுபடாமல் இருக்கிறதா என்பதுதான் இதன் உட்பொருள். ஓர் இழை எஞ்சியிருந்தாலும் நம்பிக்கைக்கு இடமுண்டு.

என் மாணவனின் தாளில் 'சி 6, பி' என்றிருந்ததன் பொருள் இப்போது உங்களுக்கு விளங்கும். மணிக்கட்டை உயர்த்தும் ஆற்றல் இருக்கிறது. கையை நீட்டும் ஆற்றல் இல்லை. ஆனால் தண்டுவடத்தின் அடி வரைக்கும் உணர்ச்சி ஏதோ சென்று சேர்கிறது. அந்தப் 'பி' என்னும் ஓர் எழுத்து, கதவு முழுவதும் மூடப்படவில்லை என்று சொல்லிக் கொண்டிருந்தது. படித்தவனாகிய நான் அதனைப் படிக்கவில்லை.

மட்டம் மாறுமா? மாறக்கூடும். அடிபட்ட சில நாட்களுக்குத் தண்டுவடம் அதிர்ச்சியுற்று, காயத்திற்குக் கீழே தன் செயல்களை நிறுத்தி வைக்கும், வீக்கமும் இருக்கும். எனவே முதல் நாளில் கண்ட நிலையே முடிவான நிலை ஆகாது. மூன்று நாட்கள் அளவில் செய்யும் சோதனை முதல்நாள் சோதனையைவிட நம்பத்தக்கது. வீக்கம் வடிந்து, காயத்தின் விளிம்பில் உள்ள நரம்புகள் உயிர்பெறும்போது மட்டம் ஒரு படி கீழிறங்கலாம்; சிலருக்கு இரண்டு படியும் இறங்கலாம். இங்கே இறக்கமே ஏற்றம் என்பதை மறவாதீர்கள். தரமும் உயரலாம். மீட்சியின் பெரும்பகுதி முதல் ஆறு முதல் ஒன்பது மாதங்களுக்குள் நிகழும். அதன்பின் மெதுவாகச் சில காலம் தொடரும். முழுக் காயமுற்றவர்களுள் நடக்கும் நிலையை அடைவோர் மிகச் சிலரே. தொடக்கத்திலேயே கால்களில் ஓரளவு இயக்கம் எஞ்சியவர்களுள் பலர் நடக்கிறார்கள். அரிதாக, ஆண்டுகள் பல சென்றபின் தண்டுவடத்தினுள் நீர்ப்பை தோன்றி மட்டம் மேலேறுவதும் உண்டு. ஆதலால் இருந்த ஆற்றல் குறைந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஒரு படி இறங்குவதால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். சி 6 மட்டத்தில் உள்ளவர் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறப் பெரும்பாலும் பிறர் துணையோ பலகையோ தேவைப்படும். சி 7 வந்துவிட்டால் முழங்கையை நீட்டிக் கைகளை ஊன்றித் தன் உடம்பைத் தானே தூக்க இயலும். தானே நாற்காலிக்கு மாறலாம். அமர்ந்தபடியே உடம்பை உயர்த்திப் புண் வராமல் காத்துக் கொள்ளலாம். தாளில் அஃது ஓர் எண்ணின் வேறுபாடு; வாழ்க்கையிலோ பிறர் தூக்கக் காத்திருப்பதற்கும் தானே எழுவதற்கும் உள்ள வேறுபாடு.

மட்டம் மாறாதவர்களின் கதி என்ன? இதற்கு விடை நம் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே உண்டு. கேரளத்தில் பிறந்து வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர் 1954 ஆம் ஆண்டு வாகன விபத்தில் தண்டுவடக் காயமுற்றார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது, அது மீளவில்லை. கைகள் எஞ்சியிருந்தன. மருத்துவர் பால் பிராண்டின் வழிகாட்டலில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்யக் கற்றார். ஆசுதிரேலியாவில் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். பின்னர் நியூயார்க்கு சென்று மருத்துவர் ஹோவர்டு ரஸ்க்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். தாயகம் திரும்பி 1963 ஆம் ஆண்டு வேலூரில் அத்துறையின் பொறுப்பை ஏற்றார். 1966 இல் அங்கே நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986 இல் அவர் மறையும்போதும் அவருடைய கால்கள் அசையாமலே இருந்தன. ஆயினும் எத்தனை பேர் அவரால் எழுந்து அமர்ந்தனர்!

இன்னும் ஒருவரைச் சொல்வேன். 1975 ஆம் ஆண்டு கடற்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் உடற்சோதனையின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார் எஸ். இராமகிருஷ்ணன் என்னும் பொறியியல் மாணவர். தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடி என்னும் தம் சொந்த ஊரில் 1981 ஆம் ஆண்டு அவர் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். தமக்கு மருத்துவம் செய்த அமர்ஜித் சிங் சாகலின் பெயரால் அதற்கு அமர் சேவா சங்கம் என்று பெயரிட்டார். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பள்ளியும், தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சியும் அங்கே வளர்ந்தன. 2020 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இவ்விருவர் வாழ்விலிருந்தும் நாம் அறிவது யாது? மட்டம் என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் எடுத்த அளவு. அது மாறினால் மகிழ்வோம். மாறாவிட்டாலும், எஞ்சியதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு அதுவே வழிகாட்டி. எகிப்திய மருத்துவர் அதனைத் தீர்ப்பாகக் கொண்டார். குட்மனும் மேரி வர்கீசும் அதனைப் பணியின் தொடக்கமாகக் கொண்டார்கள்.

என் மாணவனின் தந்தை, நல்லவேளையாக, என் சொல்லைக் கேட்கவில்லை. அரை ஏக்கரை விற்று மகனை ஒரு மறுவாழ்வு நிலையத்தில் சேர்த்தார். ஏழாம் மாதம் ஒருநாள் என் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. "ஐயா, கையை நீட்ட முடியுதுங்க" என்றான் அவன். மறுமொழி கூற எனக்கு நா எழவில்லை. மட்டம் சி 7 க்கு இறங்கியிருந்தது. கால்களில் சிறு துடிப்பு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவன் நடக்கவில்லை, நடப்பான் என்று நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். இன்று அவன் தானே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறான். விரல்களில் பட்டை கட்டி அதில் செருகிய கோலால் விசைகளைத் தட்டி, பனியன் கம்பெனி ஒன்றுக்குத் தொழிலாளர்களின் பீஸ் ரேட் கூலிக் கணக்கை எழுதுகிறான். வகுப்பில் அவன் கணக்கில் கெட்டிக்காரன் என்பது எனக்குத் தெரியும். அந்த மருத்துவமனையில் அவன் கைகளையும் கால்களையும் பார்த்த நான், அவன் கணக்கை மறந்துவிட்டேன்.

மாணவர்களே, தென்னை மரங்களும் ஆழ்கிணறுகளும் மிக்க நம் கொங்கு நாட்டில், இரவு பகலாக வண்டிகள் ஓடும் நம் சாலைகளில், இத்தகைய விபத்து உங்கள் கண்ணெதிரே நேரலாம். விழுந்தவரை அவசரப்பட்டுக் கைகாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள். 108 ஐ அழையுங்கள். அவர்கள் வரும் வரை தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்திருங்கள். நகர்த்தியே தீரவேண்டுமாயின் பலர் சேர்ந்து தலை, கழுத்து, உடல் ஆகிய மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு பலகையில் ஏற்றுங்கள். எஞ்சியிருக்கும் ஓர் இழை உங்கள் கையில் இருக்கக்கூடும்.

பின்னர் ஒருநாள் யாரேனும் உங்களிடம் வந்து, "இனிப் பயன் உண்டா?" என்று கேட்டால், நான் சொன்ன விடையைச் சொல்லாதீர்கள். "மட்டம் என்ன? தரம் என்ன? என்றைக்குச் சோதித்தார்கள்? மறுபடி எப்போது சோதிப்பார்கள்?" என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்து கொள்வதும் கல்வியே. தலைமையாசிரியனாக இருந்த எனக்கு அதனைக் கற்பித்தவன் என் மாணவன்.